கைப்பிடி அரிசி

முனிர்க்கா, புதுதில்லி
ஜனவரி, சனிக்கிழமை இரவு

கர்த்தருக்குள் மிகவும் அன்பான அம்மாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் உங்கள் மருமகனும் பிள்ளையும் சுகமாயிருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, பனிக்காலத்தில் கூடுகிறதா என்று எழுதுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறாயா?" என்று கேட்டீர்கள். "போகிறேன்" என்றேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. பிள்ளை அழுதுகொண்டிருந்ததால் மேற்கொண்டு எதையும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி வாரம் முழுவதும் மனத்திலேயே நின்றதால், சொல்ல வேண்டியதைக் கடிதமாகவே எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தில்லிக்கு வந்த முதல் பதினொரு மாதங்கள், நம் ஆயர் எழுதிக்கொடுத்த சபை மாற்றுக் கடிதம் என் வேதப்புத்தகத்துக்குள்ளேயே மடித்தபடி இருந்தது. விசுவாசத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஊரில் முதல் மணி அடித்தால் குளிப்போம், இரண்டாம் மணி அடித்தால் நடையில் இறங்கிவிடுவோம், ஒரு ஞாயிறு வராவிட்டால் சாயங்காலமே உபதேசியார் திண்ணைக்கு வந்து "காய்ச்சலா?" என்று விசாரிப்பார். இங்கே எந்த மணியும் என் காதில் விழுவதில்லை, யாரும் வாசலில் வந்து நிற்பதுமில்லை. ஆறு நாள் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓடியவளுக்கு ஏழாம் நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை; அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே தவக்காலமும் அறுப்பின் பண்டிகையும் கடந்துபோயின. என் விசுவாசத்தில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு நம் ஊர் மணியுடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என்னைத் திருப்பியது எந்தப் பிரசங்கமும் அல்ல, நீங்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்துப் பழகிய என் கைதான். ஒருநாள் உலைக்கு அரிசி அளந்தபோது, உங்களைப் போலவே, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஓரமாக வைத்திருந்தேன். எடுத்ததே எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் கைப்பிடி அரிசிக் கலயத்தில் நீங்கள் வேளைதோறும் ஒரு பிடி போட்டதும், சனிக்கிழமை அதைச் சேர்த்துக் கொண்டுபோனதும், ஆராதனை முடிந்து முருங்கைக்காயோடும் சேவலோடும் அந்த அரிசி ஏலம் போனதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அந்தப் பிடியைத் திரும்பப் பானையில் போட மனமில்லாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். மறுநாளும் போட்டேன். டப்பா நிறைந்தபோது அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. அதற்காகவே அந்த ஞாயிறு மாற்றுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

நம் தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானதையும், வட இந்தியத் திருச்சபை 1970-இல் நாக்பூரில் உருவானதையும் ஓய்வுநாள் பள்ளியில் நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். இங்கே அது வெறும் பாடமாக இல்லை. வட இந்தியத் திருச்சபையின் இந்திச் சபையார் காலையில் ஆராதனை முடித்துவிட்டுப் போன பிறகு, அதே ஆலயத்தில், அவர்கள் உட்கார்ந்த சூடு ஆறாத இருக்கைகளில் நம்மவர்கள் பிற்பகலில் கூடுகிறோம். நாகர்கோவில், மதுரை, வேலூர் என்று பல ஊர்க்காரர்கள் இருப்பதால், ஒரே கீர்த்தனையை மூன்று ராகங்களில் தொடங்கி இரண்டாம் சரணத்தில்தான் ஒன்றுசேர்கிறோம்.

அரிசி டப்பாவைக் கண்ட மூப்பர் ஒருவர், இங்கே அரிசிக் காணிக்கை வழக்கமில்லை என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் யோசித்தார். பிறகு, தில்லி தூய ஸ்தேவான் மருத்துவமனையைப் பற்றிச் சொன்னார். பிரிசில்லா விண்டர் என்ற மிஷனரி அம்மையார், வெளியே வந்து ஆண் மருத்துவர்களிடம் காட்ட முடியாத பெண்களுக்காகத் தொடங்கிய மருந்துப் பணியிலிருந்து, அவர் மறைந்தபின் 1885-இல் அந்த மருத்துவமனை எழுந்ததாம். அவர் சார்ந்திருந்த எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலேய மிஷனரி சங்கம்தான் நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலும் ஊழியம் செய்தது என்றபோது எனக்கு உடல் சிலிர்த்தது. நீங்கள் என்னைப் பெற்றெடுத்த தூய லூக்கா மருத்துவமனையும் அந்த ஊழியத்தின் கிளைதானே, அம்மா. "அரிசி இருக்கிறது, பசித்தவர்களும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்" என்று மூப்பர் முடித்தார்.

அவர் சொன்னது எய்ம்ஸ் மருத்துவமனை வாசலை. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் நோயாளிகளைக் கூட்டிவருகிறவர்கள், இரவுக் காப்பகங்களில் இடம் கிடைக்காதபோது நடைபாதையிலும் சுரங்கப்பாதையிலும் படுத்துக்கொள்கிறார்கள். ஜனவரியில் இங்கே வெப்பநிலை நான்கு டிகிரிக்கும் இறங்கிவிடும். நம் ஊர் மார்கழிப் பனியை வைத்து அதைக் கற்பனை செய்ய முடியாது. இப்போது பதினான்கு வீடுகளில் கைப்பிடி அரிசி எடுக்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சமைத்துக் கொண்டுபோகிறோம்.

முதல் முறை புளியோதரை செய்தோம், நமக்குப் பிடித்தது எல்லாருக்கும் பிடிக்கும் என்ற எண்ணத்தில். வாங்கிக்கொண்டவர்கள் மரியாதைக்காக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பொட்டலத்தை மடித்துவைத்ததைப் பார்த்த பிறகுதான், பாசிப்பருப்பு போட்டுக் குழைந்த கிச்சடி செய்யத் தொடங்கினோம். இன்னொரு முறை ஒரு பாட்டி, சாப்பாடு வேண்டாம், குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர் இருந்தால் போதும் என்றார். எங்களிடம் வெந்நீர் இல்லை. இப்போது இரண்டு பெரிய பிளாஸ்க் எங்களோடு வருகின்றன.

இனி எழுதப்போவதுதான் நான் தொலைபேசியில் சொல்ல முடியாதது. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நான் கரண்டியோடு நின்றபோது, ஒரு தகப்பன் கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு வரிசைக்குப் பக்கவாட்டிலிருந்து மூன்று முறை ஏதோ கேட்டார். கூட்டம் நெருக்கியது, என் இந்தியும் அரைகுறை. "வரிசையில் நில்லுங்கள்" என்று கடுமையாகச் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். அவர் சாப்பாடு கேட்கவில்லை, அம்மா. ஆங்கிலத்தில் எழுதிய அந்தச் சீட்டை அவரால் படிக்க முடியவில்லை. மறுநாள் பரிசோதனைக்கு முன்னால் பிள்ளை சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார். நம் சபைப் பையன் ஒருவன் அதை வாங்கிப் படித்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும், இப்போதே ஊட்டிவிடுங்கள் என்று சொன்னபோது மணி ஒன்பதாகிவிட்டது. அதுவரை அந்தப் பிள்ளையைப் பட்டினியாகவே வைத்திருந்தார்.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில் எனக்கு வாய் திறக்கவில்லை. அதுவரை சனிக்கிழமை ஜெபங்களில் எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று ஆண்டவரிடம் கணக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது புரிந்தது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேத் தோட்டத்தில், தூங்கிப்போன சீடர்களிடம் அவர் கேட்டது விழித்திருப்பதைத்தான். நான் கையில் கரண்டியோடு, ஊழியத்தின் நடுவிலேயே தூங்கிவிட்டேன். படுக்கையிலிருந்து எழாமல் இருந்த அந்தப் பதினொரு மாதங்களைவிட இந்த ஒரு மாலைதான் என்னை அதிகம் வருத்துகிறது.

அடுத்த ஞாயிறு சபையாரிடம் இதைச் சொன்னேன். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஒழுங்கை மாற்றினோம். இப்போது ஆங்கிலமும் இந்தியும் நன்கு தெரிந்த இருவர் முதலில் வந்து, சீட்டு வைத்திருப்பவர்களோடு உட்கார்ந்து, எந்தக் கட்டடம், எந்த நேரம், சாப்பிடலாமா கூடாதா என்று படித்துச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பாத்திரத்தைத் திறக்கிறோம். நான் பரிமாறும் வேலையை விட்டுவிட்டு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்தி எழுத்துக் கூட்டவும் கற்கிறேன்; வாரத்தில் இரண்டு இரவுகள், பிள்ளை தூங்கிய பிறகு.

இன்றைக்கும் போய்விட்டுத்தான் வந்தேன். குளிர் கடுமையாக இருந்தது. சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுபோயிருந்தோம். இங்கே கிடைக்கும் வெல்லத்தில் அது சேரவில்லை. அடுத்த மாதம் அண்ணன் திருக்குறள் ரயிலில் வரும்போது, உடன்குடிக் கருப்பட்டி நான்கு கிலோவும் நல்ல சுக்கு அரைக் கிலோவும் கொடுத்துவிடுங்கள். பணத்தை அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அது சபைக் கணக்கில் எழுத வேண்டியது. அந்தத் தகப்பனின் பிள்ளைக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். ஆறு வயது இருக்கும், பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தான்.

உங்கள் அன்பு மகள்