ரேட் பேசாமல் துணியை விரிக்கலாமா? – தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர் பெருமக்களுக்கு,

வணக்கம். தொழிலதிபர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், மருத்துவர்கள், கல்லூரித் தாளாளர்கள் ஆகியோர் பெயரில் நீங்கள் வெளியிடும் வாழ்க்கை வரலாறுகள் பலவற்றை அவர்கள் எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எழுதித் தருகிறவர்களை உங்கள் அலுவலகத்தில் ‘கோஸ்ட்’ என்று அழைப்பது எங்களுக்கும் தெரியும். எனவே அந்தக் கதையை அடியிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பதினான்கு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். இருபத்திரண்டு நூல்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றுக்குக்கூட யாரும் என்னுடன் எழுத்துவடிவில் ஒப்பந்தம் செய்துகொண்டதில்லை. ஊதியம் எவ்வளவு, எப்போது தரப்படும், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பனவற்றைத் தாளில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பின்னரே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திவரும் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதும் பணி, உங்களில் ஒருவர் வழியாக எனக்கு வந்தது. பதிப்பகத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை; மற்றவர்கள் நிம்மதியாக மூச்சுவிடவும் வேண்டாம், ஏனெனில் நடைமுறை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றே. 240 பக்கம், அதாவது பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற அச்சகக் கணக்கில் பதினைந்து ஃபாரம், 52,000 சொற்கள். தொலைபேசியில் பேசி முடித்த தொகை 60,000 ரூபாய். “முன்பணம் இருபது, மீதி வெளியீட்டு விழா முடிந்ததும்” என்றார்கள். சரி என்றேன். சரி என்று சொன்னது என் பிழைதான். ஆனால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அந்த அறுபதாயிரத்துக்குள் என்ன இருந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சென்னையிலிருந்து திருப்பூருக்கு ஒன்பது முறை போய்வந்தேன். ரயில் கட்டணமும் சாப்பாடும் ஆட்டோவும் என் செலவு, ஏறக்குறைய 9,000 ரூபாய். பெரியவர் பேசியது 41 மணி நேரம். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நான்கு மணி நேரம் பிடிக்கும். இப்போதெல்லாம் செயலியே எழுதிக் கொடுத்துவிடுகிறதே, பிறகு ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். நானும் ஆசைப்பட்டு அந்தச் செயலியில் ஒரு பதிவை ஏற்றிப் பார்த்தேன். பெரியவர் பேசியது கொங்குத் தமிழ். நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, ஊருக்கு வந்ததாக அவர் சொன்னதை, நம்பி என்றொருவருக்காக ஊருக்கு வந்ததாக அது எழுதி வைத்தது. அப்பாரு, அதாவது தாத்தா, சொல்லிக் கொடுத்த கணக்கைச் சொன்னபோது ‘அப்பாறு’ என்று ஓர் ஆறே தோன்றிவிட்டது. அதைத் திருத்துவதைவிட முதலிலிருந்து கேட்டு எழுதுவதே மேல் என்று 164 மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். அதன்பின் அந்தப் பேச்சை நூலாக ஆக்க 208 மணி நேரம். அவர் மகன், மகள், மருமகன் என மூன்று சுற்றுத் திருத்தங்களுக்கு 60 மணி நேரம். நேர்காணலையும் சேர்த்தால் 473 மணி நேரம். மணிக்கு 127 ரூபாய் வருகிறது. வழிச்செலவைக் கழிக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இந்தப் பதிவுகளில் ஓரிடம் உண்டு. தம் இளமையில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, தைத்த நாட்களைப் பற்றிப் பெரியவர் சொல்கிறார்: “ரேட்டு பேசாம துணிய மேசைல விரிக்கப்படாதுங்க. விரிச்சிட்டம்னா பொறவு அவிங்க சொல்றதுதான் ரேட்டு.” திருப்பூரில் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து, பனியன் தொழிலாளர் கூலியைப் பேசி, ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போடுகிற வழக்கம் உண்டு. அதைப் பற்றி அவர் பெருமையோடு சொன்னவற்றைக் கொண்டு ஓர் அத்தியாயமே எழுதினேன். நூலில் எல்லோரும் பாராட்டிய அத்தியாயம் அதுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை எழுதிய நாட்களில் என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

கையெழுத்துப் படியை மார்ச் மாதத்தில் ஒப்படைத்தேன். சிறப்பு விருந்தினரின் தேதி கிடைக்காததால் விழா தள்ளிப்போனது. ஜூன் மாதம் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் மீதித் தொகையில் ஒரு பகுதியையாவது தர முடியுமா என்று கேட்டேன். “விழா முடியட்டும் சார்” என்றார்கள். வேறொருவரின் நாட்குறிப்பில் ஒரு மாலை காலியாக இருப்பதற்கும் என் கூலிக்கும் என்ன தொடர்பு என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். விழா நடந்தது அடுத்த பிப்ரவரியில். அன்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்த எனக்கு, பெரியவரின் மகன் நல்லெண்ணத்தோடு ஒரு தாளைக் காட்டினார். அது பதிப்பகம் அவருக்குக் கொடுத்திருந்த மதிப்பீட்டுப் பட்டியல். மொத்தம் 4,25,000 ரூபாய். அதில் ஒரு வரி: எழுத்துப் பணி, 1,80,000 ரூபாய். “உங்களுக்குக் குறைவாகப் போய்விடவில்லையே?” என்று அவர் கேட்டார். போதும் என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போனேன்.

பதிப்பாளர் லாபம் பார்க்கக் கூடாது என்பதல்ல என் வாதம். தாளின் விலை, வடிவமைப்பு, அலுவலக வாடகை, விற்காமல் கிடங்கில் தங்கும் பிரதிகள் எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ‘எழுத்துப் பணி’ என்று தலைப்பிட்டு ஒருவரிடம் வாங்கிய தொகையில் எழுதியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தது என்பது, பணம் கொடுத்தவருக்கும் தெரியவில்லை, எழுதியவனுக்கும் தெரியவில்லை. நூல் எழுத ஆள் தேடுகிற ஒருவர் தாம் கொடுப்பது எதற்கு என்றும், எழுதுகிறவர் தமக்கு வருவது எவ்வளவு என்றும் அறிந்துகொள்ளும் ஒரே இடம் ஒப்பந்தம்தான். அதைத்தான் கேட்கிறேன்.

கதை அத்துடனும் முடியவில்லை. 112 ஆம் பக்கத்தில், முதல் இறக்குமதி இயந்திரம் வந்த ஆண்டு தவறாக அச்சாகியிருந்ததை உறவினர் ஒருவர் கண்டுபிடித்தார். பதிவில் பெரியவரே அந்த ஆண்டைத்தான் சொல்லியிருந்தார். மூன்று சுற்றுத் திருத்தத்திலும் எவரும் அதைக் கவனிக்கவில்லை. பதிப்பகமோ “டைப் அடித்தவர் செய்த பிழை” என்று அவர்களிடம் விளக்கம் அளித்து, ஒட்டுச் சீட்டு அச்சிட்ட செலவு 2,800 ரூபாயை என் மீதித் தொகையில் கழித்துக்கொண்டது. தருமிக்குப் பாட்டெழுதிக் கொடுத்த இறைவனைத் தமிழின் முதல் கோஸ்ட் என்று உங்களில் ஒருவர் மேடையில் நகைச்சுவையாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையில் பாட்டில் குற்றம் என்று நக்கீரர் சொன்னதும், எழுதியவர் தாமே அவைக்கு வந்து வாதாட முடிந்தது. எங்களுக்கு அவையிலும் இடமில்லை, அட்டையிலும் இடமில்லை. பிழை நேரும்போது மட்டும் எங்கள் முகவரி உங்களுக்கு உடனே கிடைத்துவிடுகிறது. வழிச்செலவையும் ஒட்டுச் சீட்டையும் கழித்தால் மணிக்கு 102 ரூபாய்.

போகட்டும், ஒருவருக்கு மட்டும் நான் எழுத்தாளன் என்பது தெரியும். 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி, தொழில்முறைச் சேவைக்கான கட்டணம் என்று சொல்லி, என் தொகையில் பத்து விழுக்காட்டை நீங்கள் வரியாகப் பிடித்துக் கட்டியிருக்கிறீர்கள். இந்த நாட்டில் அந்த நூலுக்கான கூலியோடு என் பெயரைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரே ஆவணம், பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவம்தான். அத்துறைக்கு என் நன்றி.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவதாக எண்ண வேண்டாம். ஆயினும் நீங்கள் நாள்தோறும் புழங்கும் சட்டம் என்பதால் நினைவூட்டுகிறேன். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் போன்ற சிலரைத் தவிர, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே. அந்த உரிமையை மற்றொருவருக்கு மாற்றித் தருவது எழுத்துவடிவில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும் என்று 19 ஆம் பிரிவு சொல்கிறது. காலவரையைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, ஒப்பந்தம் இல்லாமல் வேலை வாங்குவது எங்களுக்கு மட்டும் நட்டம் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. இருபத்திரண்டு நூல்களையும் நான் திருப்பிக் கேட்கப் போவதில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகும் என்று உங்கள் வழக்கறிஞரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவைப் பார் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். டொனால்டு டிரம்பின் பெயரில் 1987 ஆம் ஆண்டு வந்த நூலை எழுதிய டோனி ஷ்வார்ட்ஸ், முன்பணத்தில் பாதியும் உரிமைத்தொகையில் பாதியும் பெற்றார். அட்டையில் அவர் பெயரும் இருந்தது. அந்த அளவுக்கு நாங்கள் ஆசைப்படவில்லை. அதே நாட்டில் 1930 இல் தொடங்கிய நான்சி ட்ரூ துப்பறியும் கதைகளின் தொடக்க நூல்களை எழுதிய மில்ட்ரெட் விர்ட் பென்சனுக்கு, நூல் ஒன்றுக்கு 125 டாலர்தான் கொடுத்தார்கள். கற்பனைப் பெயர் ஒன்றில் நூல்கள் வந்தன, உரிமைத்தொகை கிடையாது. இதைவிடக் குறைத்துக் கொடுக்க முடியாது என்று நினைக்கிறோம் அல்லவா? அவரிடம்கூட உரிமையை விட்டுத்தருவதாகத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கொடுமையானாலும் எழுதப்பட்ட கொடுமை.

இதே குறை மெய்ப்புத் திருத்துபவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உண்டு. புத்தகக் காட்சி அரங்கில் ஆளுயரப் பதாகைக்கு ஆகும் செலவை ஒரு மெய்ப்புத் திருத்துநரின் கூலியோடு ஒப்பிட்டுப் பார்க்க யாராவது முன்வந்தால்… வேண்டாம், அது வேறு மடல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது பெரிதல்ல. நேர்காணல் செய்து எழுதும் வாழ்க்கை வரலாற்றுக்குச் சொல்லுக்கு மூன்று ரூபாய் என்று வைத்தால் திருப்பூர் நூலுக்கு 1,56,000 ரூபாய் ஆகும். நீங்கள் எழுத்துப் பணிக்கென்று வாங்கிய தொகைக்குள்ளேயே அது அடங்கிவிடும், உங்களுக்கு 24,000 மிச்சமும் இருக்கும். வழிச்செலவு தனி. தொகையில் ஒரு பகுதியைத் தொடக்கத்தில், ஒரு பகுதியைப் பாதி வரைவு முடிந்ததும், எஞ்சியதைக் கையெழுத்துப் படியை ஒப்படைத்த நாளில் தந்துவிட வேண்டும். விழாவை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நூலை எழுத வைக்கிறவர் சம்மதித்தால், நம் வார இதழ்கள் பிரமுகர்களின் தொடர்களுக்கு அடியில் ‘எழுத்தாக்கம்’ என்று சின்னதாகப் போடுவதைப்போல உள்பக்கத்தில் ஒரு வரி போடலாம். அவர் சம்மதிக்காவிட்டால் அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மனம் வருந்தினாலும் மறுப்புச் சொல்ல மாட்டோம்.

மேற்சொன்னவற்றையெல்லாம் சேர்த்து இரண்டு பக்கத்தில் ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் பதிப்பாளர்க்கு அனுப்பி வைக்கிறேன். மாற்றம் வேண்டுமென்றால் மூன்று சுற்றுவரை இலவசமாகத் திருத்தியும் தருகிறேன். முத்திரைத்தாள் செலவு உங்களுக்குச் சுமையாக இருக்குமானால், முதல் ஒப்பந்தத்துக்கு மட்டும் அதையும் நானே ஏற்றுக்கொள்கிறேன். அன்புகூர்ந்து அடுத்த நூலைத் தொடங்குமுன் கையெழுத்திடுங்கள்.

பணிவுடன்,
உங்கள் நூல்கள் இருபத்திரண்டை எழுதியவன்