பதினோராம் மணி வேளையிலும் வேலை உண்டு

தாராவி, மும்பை

அன்புள்ள தோழிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதத்தை இரண்டு நாளாகக் கையிலேயே வைத்திருக்கிறேன். பொறியியல் முடித்த கையோடு உன் தம்பி மகன் இறையியல் கல்லூரிக்குப் போவேன் என்று நிற்கிறான். பணி ஓய்வு பெற்ற உனக்கோ, மிஷன் களத்து விடுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகவேண்டும் என்ற பாரம். அவனுக்கு இன்னும் வயது வரவில்லை என்கிறார்கள், உனக்கு வயது போய்விட்டது என்கிறார்கள். ஆண்டவர் கூப்பிடுவதற்கு என்று ஒரு வயதை வேதத்தில் நான் கண்டதில்லை.

மோசேயை எடுத்துக்கொள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த ஜனங்களை மீட்கக் கர்த்தர் கூப்பிட்டபோது, எரிகிற முட்செடியின் முன்னே நின்று எத்தனை சாக்குச் சொன்னார்! நான் எம்மாத்திரம் என்றார், ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்றார், வாய் திக்கும் என்றார், கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும் என்றே கேட்டுவிட்டார். பார்வோனிடம் பேசும்போது அவருக்கு வயது 80. அந்த வயதை மட்டும் அவர் காரணமாகச் சொல்லவே இல்லை. வயதைச் சொன்னவன் எரேமியா தீர்க்கதரிசி, அதுவும் 'சிறுபிள்ளையாயிருக்கிறேன்' என்று. கர்த்தர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. காலேப் 85 வயதில் யோசுவாவிடம் போய், 'இந்த மலைநாட்டை எனக்குத் தாரும்' என்றான். சமவெளியில் ஒரு துண்டு நிலம் கேட்டிருக்கலாம். இராட்சதரான ஏனாக்கியர் குடியிருந்த மலையைக் கேட்டான்.

உன் தம்பி மகனுக்கு நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயரைப் பற்றிச் சொல். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அதன் முன்னணியில் நின்றவருக்கு முப்பது வயது ஆகவில்லை. ஆனால் அத்தோடு முடிந்துவிட்டதா? பிறரை அனுப்பிக்கொண்டிருந்தவர், 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றுக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஒரே மனிதரை ஆண்டவர் எத்தனை தரம் கூப்பிட்டிருக்கிறார் பார். அன்னை தெரசாவும் 1928-லேயே துறவறத்துக்கு வந்துவிட்டவர்தானே. 1946-இல் டார்ஜிலிங் ரயிலில் போகும்போது ஏழைகளிலும் ஏழைகளிடம் போ என்ற இரண்டாம் அழைப்பைப் பெற்றார். 'ஆசிரியப் பணிதான் எனக்குக் கிடைத்த அழைப்பு, அது முடிந்துவிட்டது' என்று நீ எழுதியிருப்பதை அதனால்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சாமுவேலின் கதையில், இரவில் கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சிறுவனையே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று முதலில் அறிந்தது யார்? கண் மங்கிப் படுத்திருந்த ஆசாரியர் ஏலி. 'கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது அந்தக் கிழவர். அந்தப் பையன் உன்னிடம் வந்து பேசுகிறான் என்றால், அவன் அப்பாவுக்குப் பயந்து தட்டிக்கழிக்காதே. உட்காரவைத்துக் கேள். அது உணர்ச்சிவேகமா, உண்மையான அழைப்பா என்று பிரித்தறிய அவனுக்கு ஒரு பெரியவர் வேண்டும்.

இங்கே மும்பையில் காலையில் கூலியாட்கள் வேலைக்குக் காத்து நிற்கும் நாக்கா (தெருச் சந்திப்பு) பக்கம் போனால், இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்து உவமை கண்முன்னே நடக்கும். கரண்டியோடு கொத்தனார்கள், பிரஷோடு பெயிண்டர்கள், வெறுங்கையோடு சுமை தூக்குகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஆள் பிடிக்கும் மேஸ்திரியான முகாதம் வந்து தோளைப் பார்த்து ஆளைப் பொறுக்குவார். நரைத்த தலைகள் கடைசிவரை நிற்கும். வெயில் ஏறினால் அவர்களும் கலைந்துவிடுவார்கள். ஆனால் உவமையில் தோட்டத்து எஜமான் கடைசியாகக் கூப்பிடுகிறவர்கள் பதினோராம் மணி வேளைவரை, நம் கணக்கில் மாலை ஐந்து மணிவரை, நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்டபோது, 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை' என்றார்கள். அவ்வளவு நேரமும் வேலைக்கு ஆயத்தமாக நின்றிருக்கிறார்கள்! இவர்களைச் சோம்பேறிகள் என்று பிரசங்கிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கூலி எவ்வளவு என்றுகூட எஜமான் அவர்களிடம் பேசவில்லை. நியாயமானது கிடைக்கும் என்ற ஒரே வார்த்தையை நம்பிப் போனார்கள்.

என் சங்கதியையும் சொல்கிறேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றபின், சயான் ஆஸ்பத்திரிக்கு நம் ஜனங்களோடு துணைக்குப் போய்வருகிறேன். தாராவியில் ஐம்பது வருஷம் வாழ்ந்தும் மராத்தி வாசிக்கத் தெரியாத பாட்டிகள் எத்தனையோ பேர். கேஸ் பேப்பரைப் பால் கவரில் சுருட்டி மடியில் வைத்திருப்பார்கள். வரிசையில் நின்று, டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்லி, மாத்திரை அட்டையின் பின்னால் காலைக்கு ஒரு புள்ளி, ராத்திரிக்கு இரண்டு புள்ளி வைத்துக் கொடுக்கிறேன். போன வாரம் விளாத்திகுளம் பக்கத்துப் பாட்டி ஒருவர், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி யாரையும் கேட்க வேண்டாமே, டீச்சர்" என்றார். பள்ளியில் வேலை கிடைப்பதற்காகக் கற்ற மராத்தி இப்போதுதான் முழுவதும் உதவுகிறது. இதற்காக யாரும் என்னைப் பிரதிஷ்டை செய்யவில்லை. ஆனால் ஊழியம் என்று இதைச் சொல்ல நான் தயங்குவதே இல்லை.

களத்துக்குப் போகவேண்டாம் என்கிறான் என்று உன் மகனோடு சண்டை போடாதே. உன் முழங்கால் வலியைப் பற்றி அவன் கவலைப்படுவது அன்பினால்தான். முதலில் சேகர குருவானவரிடம் பேசு, களத்தில் இருப்பவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுது. கோடை விடுமுறையில் ஒரு மாதம் போய்த் தங்கிப் பார். மனம் அங்கேயே நின்றால் பிறகு ஒரு வருஷத்தைப் பற்றி யோசிக்கலாம். அந்தப் பையன் விண்ணப்பம் அனுப்பினால் தேர்வுத் தேதியை எனக்குத் தெரிவி, எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபிக்கச் சொல்கிறேன்.

சின்ன மருமகளுக்கு இது எட்டாம் மாதம். பிரசவம் முடிந்து கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரப் பார்க்கிறேன். டிக்கெட் கிடைத்ததும் எழுதுகிறேன். அதற்குள் களத்திலிருந்து பதில் வந்தால் உடனே போன் செய்.

கிறிஸ்துவுக்குள் அன்புள்ள,
உன் பழைய பெஞ்சுத் தோழி