விதிகளை எழுதி முடிக்கும் முன்

அன்புத் தோழி,

நலமா? இங்கே எல்லோரும் நலம். எழுதி எத்தனை நாளாயிற்று என்ற கணக்கை நேரில் பார்க்கும்போது தீர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பள்ளியில் இணையக் கட்டுப்பாட்டு விதிகளை எழுதும் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்களாமே? விடுதியில் எல்லாச் சேதியையும் பரப்புவாளே, நம் 'ரேடியோ', அவள்தான் சொன்னாள். அவள் காதுக்குப் போன சேதி எனக்கு வராமல் இருக்குமா? விடுதியில் இரவு விளக்கணைக்கும் நேரத்தை எதிர்த்து மனு எழுதி எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியவள் நீ. இன்று சுவிட்சு உன் கையில்! நீ பேனாவை எடுக்கும் முன் நான் முந்திக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் பள்ளியில் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு, பொருள்கள் கீழே விழுவதைப் பற்றிய பாடம். கனமானதுதான் முதலில் விழும் என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. இந்த இடத்தில் காட்டவென்றே ஒரு காட்சி இருக்கிறது, உனக்கும் தெரியும்: 1971 ஆகஸ்ட் 2, அப்பல்லோ 15. விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியல், மறு கையில் வல்லூறின் இறகு, இரண்டையும் ஒன்றாக விடுகிறார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன. புரொஜெக்டரை வைத்து, சன்னல்களை மூடி, யூடியூப் இணைப்பைச் சொடுக்கினால் திரையில் சிவப்பாக ஒரு பக்கம்: 'பொழுதுபோக்குத் தளம், அனுமதி இல்லை.'

சரி, வாயால் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "நீங்க பார்த்தீங்களா டீச்சர்?" என்று கேட்டான். பார்த்தேன் என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அறிவியல் வகுப்பில் நின்றுகொண்டு 'என்னை நம்பு' என்று சொல்ல வேண்டியிருந்தது.

வெறுமனே பார்ப்பதற்காகவும் அல்ல. படத்தை நிறுத்தி, பிரேம் பிரேமாக நகர்த்தி, விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று பிள்ளைகளையே அளக்கச் சொல்ல நினைத்திருந்தேன். உயரம் ஏறக்குறைய 1.6 மீட்டர். பூமியில் அந்த உயரத்திலிருந்து விழ 0.6 விநாடிகூட ஆகாது. அங்கே ஏறக்குறைய 1.4 விநாடி. அதைச் சூத்திரத்தில் போட்டால் நிலவின் ஈர்ப்பு முடுக்கம், விநாடிக்கு விநாடி சுமார் 1.6 மீட்டர், அவர்கள் கையாலேயே வந்துவிடும். நிலவுக்குப் போகாமல் நிலவை அளக்கலாம். எந்தப் பாடப்புத்தகப் படத்தால் இது முடியும், சொல்!

உயிரியல் டீச்சர் பாடு இன்னும் மோசம். இனப்பெருக்க மண்டலம், மார்பகப் புற்றுநோய் எதைத் தேடினாலும் தடை. வெறும் எழுத்துகளைப் பார்த்துத் தடுக்கும் முறைக்கு இது பழைய வியாதி. இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்கள் 1996ல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். ஊர்ப்பெயருக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக அமைந்துவிட்டனவாம்.

ஏன் மொத்தமாகத் தடுக்கிறார்கள் என்று எங்கள் கணினி ஆசிரியரிடம் கேட்டேன். இப்போது தளங்கள் எல்லாம் மறைகுறியாக்கத்தோடு, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி, வருகின்றனவாம். தளங்களைத் தடுக்கும் மென்பொருளான வடிகட்டிக்குத் தளத்தின் பெயர் தெரிகிறதே தவிர, அதற்குள் எந்தக் காணொளி என்பது தெரிவதில்லை. அதனால் யூடியூப் முழுவதும் உண்டு, அல்லது முழுவதும் இல்லை. உள்ளே பார்க்கவேண்டுமானால் ஒவ்வொரு கணினியிலும் பள்ளியின் டிஜிட்டல் சான்றிதழை நிறுவி, போகிற வருகிற எல்லாவற்றையும் பிரித்துப் படிக்க வேண்டும். அதில் ஆசிரியர்களின் சொந்த மின்னஞ்சலும் அடங்கும். உன் விதிகளில் அதற்கு மட்டும் இடம் கொடுக்காதே.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல காணொளி முடிந்ததும் தானாக ஓடும் அடுத்தது, நடுவில் வரும் விளம்பரம், கீழே கருத்துகள் என்று கெட்டதெல்லாம் ஓரத்தில்தான் காத்திருக்கிறது. அதற்கு வழி உண்டு. பள்ளியின் மொத்த இணைப்புக்கும் யூடியூபின் கட்டுப்பாட்டுப் பயன்முறையை (சிறார்க்கு ஒவ்வாத காணொளிகளை மறைக்கும் அமைப்பு) கட்டாயமாக்கலாம், கருத்துகள் மறைந்துவிடும். ஆனால் அதுவும் தவறும். மறைக்கக்கூடாத காணொளிகளையும் மறைத்துவிட்டதாக 2017ல் யூடியூபே ஒப்புக்கொண்டது. ஆகவே அதற்கு மேல் ஒரு சாவி வேண்டும். கூகுளின் கல்விக் கணக்குகளில், குறிப்பிட்ட காணொளியை மாணவர்களுக்காக அனுமதிக்கும் உரிமையை ஆசிரியருக்குத் தரும் வசதி இருக்கிறது. நான் கேட்பது அவ்வளவுதான். நாளைய பாடத்துக்கு எது வேண்டும் என்று அந்தப் பாடத்தை நடத்துகிறவள் முடிவு செய்யட்டும், அதற்கு அவளே பொறுப்பேற்கட்டும். படிவம் எழுதி, கையெழுத்து வாங்கி, இரண்டு வாரம் காத்திருந்தால் பாடம் போய்விடும்.

சட்டம் விடாது என்று உங்கள் நிர்வாகத்தில் யாராவது சொல்வார்கள். அமெரிக்காவில் இணையக் கட்டணச் சலுகை வாங்கும் பள்ளிகளுக்கு வடிகட்டியைக் கட்டாயமாக்கிய 2000ஆம் ஆண்டுச் சட்டம்கூட ஆபாசப் படங்களையும் சிறார்க்குக் கேடான படங்களையும்தான் தடுக்கச் சொன்னது. முறையான ஆராய்ச்சிக்காகப் பெரியவர்களுக்குத் தடையை நீக்கவும் அதில் இடம் இருக்கிறது. 2008ல் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். வடிகட்டி மட்டும் போதாது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

என் வகுப்பில் ஒரு பெண், வீட்டில் போனில் பார்க்கக்கூடாத ஒன்றைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, பல நாள் தூங்காமல் இருந்திருக்கிறாள். சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று வீட்டில் வாயே திறக்கவில்லை. என்னிடம்தான் அழுதாள். பள்ளியின் வடிகட்டி அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. இப்படி ஒன்று திரையில் வந்தால் உடனே மூடு, யாரிடமாவது சொல், உன் மேல் தவறில்லை என்று ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் திரையே இல்லாவிட்டால் அதை எப்போது சொல்வது?

நாசாவின் படங்கள் பெரும்பாலும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை அல்ல. அவற்றைப் பள்ளிக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். நான் அதை ஆரம்பித்துவிட்டேன், பட்டியல் அனுப்புகிறேன். நீ உன் விதிகளின் வரைவை, நிர்வாகத்துக்குப் போகும் முன், எனக்கு அனுப்பு. ஆசிரியர் அனுமதி பற்றிய பத்தி அதில் இல்லாவிட்டால் நானே எழுதித் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
உன் அறைத்தோழி