காத்து நிற்கும் அசுரர்கள்

கோத்தகிரி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. விடுதிச் செலவும் மிச்சம், உன் தூக்கமும் மிச்சம். இங்கே மழை பரவாயில்லை. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி மட்டும் கேட்காதே, ஆரம்பித்தால் தாள் முழுவதும் அதற்கே போய்விடும்.

நேராக உன் புகாருக்கு வருகிறேன். ஆசைப்பட்டு வாங்கிய பெரிய கேம் கருவி டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிறது, உட்கார நேரமே இல்லை என்று எழுதியிருக்கிறாய். குடும்பஸ்தனுக்கு மாலை நேரத்தில் டிவியை விட்டுக்கொடுக்க உன் அம்மா என்ன சீரியல் பார்க்காதவரா? எனக்கும் நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. இலை மூட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு ஏஜென்டின் வண்டி வரும்வரை ஒரு துண்டு. மேட்டுப்பாளையத்தில் பஸ் கிளம்பும்வரை ஒரு துண்டு. கிளம்பிய பிறகு வேண்டாம், கொண்டை ஊசி வளைவில் திரையைப் பார்த்தால் காலையில் சாப்பிட்டது வெளியே வந்துவிடும். எங்காவது மரம் விழுந்து கரண்ட் போனால் அன்று இரவு முழுவதும் எனக்கே.

இந்தத் துண்டுகளுக்குக் கையடக்கக் கருவிதான் சரி. என்னிடம் இருக்கும் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கருவியின் மேல் ஓரத்துப் பொத்தானை அழுத்தினால், வாளை ஓங்கிய வீரன் ஓங்கியபடியே உறங்கிப்போவான். மறுநாள் அழுத்தும்போது அதே இடத்திலிருந்து தொடர்வான். உன் பெரிய கருவியிலும் இது உண்டு என்பாய். ஆனால் அதைத் தேயிலைத் தோட்டத்துக்கு எடுத்துப்போக முடியுமா?

இந்த வகைக் கருவியைப் பரவலாக்கியவர் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் இருந்த குன்பேய் யோகோய். ரயிலில் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்ததும் அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1980-ல் கேம் அண்ட் வாட்ச் வந்தது, 1989-ல் கேம் பாய். கலர் திரை அப்போதே செய்யக்கூடியதுதான். ஆனால் அவர், பழகிப்போன, மலிவான, கறுப்பு வெள்ளைத் திரையே போதும் என்றார். அதனால் நான்கு பென்சில் செல்களில் பல மணி நேரம் ஓடியது. அடுத்த வருடமே செகா நிறுவனம் கலர் திரையோடு கேம் கியரைக் கொண்டுவந்தது. அது ஆறு செல்களைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாயும் பின்னால் வந்த அதன் கலர் வடிவமும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் தொட்டது. நமக்கு அப்போது வாய்த்தது பிரிக் கேமும், ஊதி ஊதிச் செருகிய டிவி கேம் கேசட்டும்தான் என்பது வேறு விஷயம்.

முறை வைத்துச் சண்டையிடும் கேம்களைப் பற்றிய உன் அடுத்த கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. "நான் அடிக்கும்வரை அந்த அசுரன் ஏன் மரம் மாதிரி நிற்கிறான்? இது என்ன சண்டை?" என்று கேட்டிருக்கிறாய். ஆடுபுலி ஆட்டத்தில் நீ ஆட்டை நகர்த்தும்வரை புலி எங்கே பாய்ந்தது? கதாபாத்திரமாக மாறி ஆடும் இந்த விளையாட்டுகள் எல்லாமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடியதில் தொடங்கியவை. 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் மூலம். அது அமெரிக்காவில் கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. அந்த கம்ப்யூட்டர் கேம்களில் மயங்கிய யூஜி ஹோரி, சில பொத்தான்களே இருந்த, நின்டெண்டோவின் டிவி கேம் கருவியான ஃபேமிகாமில் சிறுவர்களும் ஆடும்படி எளிமையாக்கி 1986-ல் டிராகன் குவெஸ்டைக் கொடுத்தார். முறை வைத்து ஆடுவதால் விரல் வேகம் வேண்டாம். அசுரன் நிற்பது சோம்பலால் இல்லை, நீ யோசிப்பதற்காக. அதற்குள் யாராவது "அண்ணா, வண்டி வந்துடுச்சு" என்று கூப்பிட்டாலும் அவன் நிற்பான். இவ்வளவு மரியாதை தெரிந்த எதிரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது ஆடிக்கொண்டிருப்பது அந்த வரிசையில் பதினொன்றாவது. ஸ்விட்ச்சில் 2019-ல் வந்தது. நாயகன் ஒரு சின்ன மலைக் கிராமத்துப் பையன். வயதுக்கு வந்த அன்று ஊர் வழக்கப்படி பெரிய பாறைக்குன்றின் மேல் ஏறியாக வேண்டும், கதை அங்கே தொடங்குகிறது. நம் ஊர்க்காரனுக்கு இதைவிட என்ன அழைப்பு வேண்டும்? பிறகு ஒரு திருடன், இரட்டைச் சகோதரிகள், ஒரு கூத்தாடி என்று கூட்டம் சேர்கிறது. ஆங்காங்கே தீ மூட்டித் தங்கலாம், அங்கேயே வாளும் அடித்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது அந்த முகாம்கள்தான், சண்டையைவிட. அசுரர்களை வரைந்தவர் அகிரா தொரியாமா. 2024-ல் காலமாகிவிட்டார். கொல்ல வேண்டிய ஸ்லைம் என்ற ஜந்துவுக்கு நீர்த்துளி உருவமும் ஒரு அசட்டுச் சிரிப்பும் வைத்த மனிதர் அவர். அதிலும் மெட்டல் ஸ்லைம் என்று ஒன்று: வீழ்த்தினால் அனுபவப் புள்ளிகள் கொட்டும், ஆனால் வாள் அதன் மேல் கீறலாகக்கூட விழாது, இரண்டாவது அடிக்குள் ஓடிவிடும். ஒரு மாலை முழுவதும் அதைத் துரத்தினேன். இதையெல்லாம் வீட்டில் சொல்ல முடியாது, உனக்குத்தான் எழுத முடியும்.

குறையும் உண்டு. முழு ஆட்டத்தையும் பழைய கால 2டி படமாக மாற்றி ஆடும் வசதி வைத்திருக்கிறார்கள், அருமை. ஆனால் மாற்றினால் கதையின் அந்தப் பகுதியை ஆரம்பத்திலிருந்து ஆட வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இருட்டிய பிறகு இங்கே யாரும் வெளியே தலை காட்டுவதில்லை. கோயில் விளக்கெண்ணெய்க்கு வரும் கரடி பக்கத்துத் தெருவில் இரண்டு கதவுகளைப் பெயர்த்துவிட்டது, காட்டெருமைகளும் தோட்டத்தில் நிற்கின்றன. திரைக்குள் ராட்சசக் கரடியை வெட்டிச் சாய்க்கும் இந்த வீரன், நிஜத்தில் தகரத்தைத் தட்டிவிட்டுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டு படுக்கிறான்.

பெரிய கருவியை விற்காதே. இதே ஆட்டம் அதிலும் வருகிறது. மகள் கல்லூரிக்குப் போன பிறகு, பகலில் சீரியல் இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரம் ஆடிப் பார், அப்புறம் கையடக்கம் வேண்டுமா என்று முடிவு செய். எப்படியும் மே மாதம் குடும்பத்தோடு வருகிறாய் அல்லவா? அதற்குள் நான் முடித்திருப்பேன் என்று தோன்றவில்லை. வரும்போது கோவையிலிருந்து ஒரு மைக்ரோ எஸ்.டி. கார்டு வாங்கி வா, 256 ஜி.பி. போதும். பணத்துக்குப் பதில் தேயிலைத் தூள் தருகிறேன், இப்போதைய விலையில் உனக்குத்தான் நஷ்டம்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்