டிரைவ் மேல் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 11 கணினியில் டிவிடி படம் ஓடவில்லை என்ற கேள்விக்கு, டிவிடி டிரைவை மாற்றச் சொல்லி தங்கள் இதழில் வந்த பதில் அவசரமானது. பலருக்கு அது வீண் செலவு.

முதலில் டிவிடியைப் போட்டு, ‘திஸ் பிசி’யில் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன்’ கொடுத்துப் பார்க்க வேண்டும். ‘வீடியோ_டிஎஸ்’ ஃபோல்டரும் அதற்குள் படம் அடங்கிய விஓபி ஃபைல்களும் தெரிந்தால் டிரைவ் ஒழுங்காகப் படிக்கிறது என்று அர்த்தம். இல்லாதது, டிவிடியில் சுருக்கி வைத்த படத்தை விரித்துக் காட்டும் எம்பெக்-2 டீகோடர் மென்பொருள். அதற்கு அப்போது உரிமக் கட்டணம் இருந்தது. விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தில் சேர்த்தே தந்த மைக்ரோசாஃப்ட், 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அதைக் கழற்றிவிட்டது. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். இலவச விஎல்சி பிளேயர் போதும். அதில் ‘மீடியா’, ‘ஓப்பன் டிஸ்க்’, ‘டிவிடி’. மெனுவிலேயே சுற்றிக்கொண்டு படம் தொடங்காவிட்டால் ‘நோ டிஸ்க் மெனூஸ்’ கட்டத்தில் டிக் போடுங்கள். பழைய விசிடி என்றால் ‘எம்பெக்ஏவி’ ஃபோல்டரில் இருக்கும் டிஏடி (.dat) ஃபைலை அப்படியே விஎல்சிக்குள் இழுத்துப் போடலாம்.

சிங்கப்பூரிலிருந்து வந்த டிவிடி என்றால் மண்டல எண்ணையும் பார்க்க வேண்டும். எந்தப் பகுதியில் ஓடலாம் என்று டிவிடிக்கும் டிரைவுக்கும் வைத்த எண் அது; இரண்டும் பொருந்த வேண்டும். இந்தியாவுக்கு 5, சிங்கப்பூருக்கு 3, அமெரிக்காவுக்கு 1. ‘டிவைஸ் மேனேஜரில்’ டிரைவின் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்தால் ‘டிவிடி ரீஜன்’ இருக்கும். மாற்ற ஐந்தே வாய்ப்பு. ஐந்தாவது முறை வைத்த எண் அப்படியே நின்றுவிடும். கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிவாவதால், விண்டோஸைத் துடைத்துப் போட்டாலும் திரும்பாது. இது தெரியாமல் கேட்கும்போதெல்லாம் ‘ஓகே’ அமுக்குகிறவர்கள்தான் அதிகம்.

லேப்டாப்பில் யுஎஸ்பி டிரைவ் மாட்டுகிறவர்களுக்கு வேறு தொல்லை. தட்டு சுழல ஆரம்பிக்கும், டிக் டிக்கென்று சத்தம் வரும், உடனே டிரைவ் திரையிலிருந்து மறைந்துவிடும். மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட்டின் அளவு 500 மில்லி ஆம்பியர்தான். சுழலத் தொடங்கும்போது மோட்டார் அதற்கு மேல் இழுக்கும். ஹப்பைக் கழற்றிவிட்டு, 900 மில்லி ஆம்பியர் தரும் 3.0 போர்ட்டில் நேராகச் செருகுங்கள், அல்லது இரண்டு போர்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரட்டைத் தலை கேபிள் போடுங்கள்.

4கே புளூ-ரே மட்டும் இதில் சேராது. அதன் நகல்தடுப்புப் பூட்டு, ரகசியத் தரவைக் காக்க இன்டெல் புராசஸருக்குள் வைத்த எஸ்ஜிஎக்ஸ் வசதியை நம்பியது. மேசைக்கணினி புராசஸர்களில் 11-ம் தலைமுறையிலேயே இன்டெல் அதை நீக்கிவிட்டது. அங்கே எந்த டிரைவை வாங்கி மாட்டினாலும், முறையான பிளேயர் மென்பொருள் அந்தப் படத்தைத் திறக்காது.

– கணினி பழுதுபார்ப்போர் சிலர், மதுரை