பயத்தைக் கொண்டுபோய்க் குடிசையில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில், பல காலங்களில் நடக்கிற, மாந்திரீகம் கலந்த திகில் கதைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாழடைந்த கோட்டை, பனிமூட்டம், தலைமுறை தாண்டி வரும் சாபம் எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம்ம ஊர் வெயிலுக்கு ஒட்டாது என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. வடசென்னையிலேயே பிறந்து வளர்ந்து, வாடகை நூலகக் காலத்திலிருந்து இந்த மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறவன் நான். இதற்கு எங்கள் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

மேல்நாட்டில் இந்த வகை நாவல் 1764இல் தொடங்கியது என்பார்கள். நம்மிடம் 12ஆம் நூற்றாண்டிலேயே கலிங்கத்துப்பரணி இருக்கிறது. காய்ந்த காடு, காளி கோயில், பேய்கள் என்று வரிசையாகப் பாடிவிட்டு, வெகுநேரம் கழித்துத்தான் செயங்கொண்டார் போருக்கே வருகிறார். அதில் ‘இந்திரசாலம்’ என்றே ஒரு பகுதி உண்டு. காளிக்குப் பயந்து இமயமலைக்கு ஓடிப்போன ஒரு கிழப்பேய் அங்கே மாயவித்தை கற்றுத் திரும்பிவந்து செய்துகாட்டும், பசியில் கிடக்கிற மற்றப் பேய்கள் இல்லாத பிணத்தையும் இல்லாத ரத்தத்தையும் நிஜம் என்று நம்பிப் பாய்ந்து, வெறும் வாயை மென்று, போதும் நிறுத்து என்று கெஞ்சும். பசியையும் மந்திரத்தையும் இப்படி ஒன்றாக வைத்துப் பாடிய மொழிக்கா இது ஒட்டாது?

சரி, பல காலம் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், பட்டப்பகலில் உள்ளே போனாலே ஒரு மாதிரி இருக்கும். அந்தக் கரையிலிருந்துதான் பஞ்சத்தில் விற்கப்பட்ட நம் சனங்களை அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். டச்சுக் கம்பெனிக்காரர்களுக்குப் பேர் வெட்டிய கல் இருக்கிறது, கப்பலில் போனவர்களுக்கு ஒன்றும் இல்லை. கதை இங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது 1876–78 தாது வருஷப் பஞ்சம். எங்கள் பகுதி வழியாக எண்ணூருக்குப் போகிற கால்வாய் 1806இல் வெட்டியது. பஞ்சத்தின்போது தெற்கே கூவத்திலிருந்து அடையாறு வரைக்கும் வெட்டி இணைத்து, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு பேரை வைத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877இல் கூலியைக் குறைத்ததும் இதே பஞ்சத்தில்தான், கடற்கரையிலோ அரிசி மூட்டை மலையாகக் குவிந்து கிடந்தது, காவலும் போட்டிருந்தார்கள். அப்புறம் 1914 செப்டம்பர் 22 ராத்திரி. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்டதும் துறைமுகத்தில் எண்ணெய் டாங்கிகள் பற்றி எரிய, சனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். காலியான தெரு, வானத்தில் நெருப்பு, ஓடாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட ஒருத்தி. இதற்கு மேல் எழுதுகிறவருக்கு என்ன வேண்டும்?

பல காலக் கதைகளில் பாதி எனக்குப் பிடிக்காமல் போவதற்குக் காரணம், காலத்துக்குக் காலம் உடுப்புதான் மாறும், சாபத்துக்கு ஒரு காரணமே இருக்காது. முதல் காலத்தில் யாரோ யாருக்கோ செய்த அநியாயம் தீராமல் கிடந்தால்தான் மூன்றாவது காலத்தில் கதவு தட்டும்போது நமக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் நம்மவர்கள் வடசென்னையை வைத்துத் திகில் எடுத்தால் என்ன செய்கிறார்கள்? குப்பத்துக் குடிசையில் ஒரு சூனியக்காரியை உட்காரவைத்து, எலுமிச்சம்பழத்தையும் மண்டை ஓட்டையும் கொடுத்து, மொத்தக் கெட்டதையும் அவள் தலையில் கட்டிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். எங்கள் தெருவில் ஓர் ஆயா இருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உப்பு, மிளகாய், முச்சந்தி மண்ணைக் கையில் மூடி மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போடுவார், நெடி ஏறவில்லை என்றால் கண்ணு பலமா பட்டிருக்குது என்பார், கையோடு ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்வார். அதே குழந்தைக்கு தர்காவில் ஓதுவார்கள், சர்ச்சில் எண்ணெய் தடவுவார்கள், யாரும் சண்டை போட்டதில்லை. பரிகாரம் என்று பணம் பிடுங்குகிறவர்கள் இல்லை என்று சொல்லமாட்டேன், அவர்களைத் தாராளமாக வில்லனாக்குங்கள். ஆயாவை விட்டுவிடுங்கள்.

கதையில் மாந்திரீகம் இருக்கட்டும், நன்றாகவே இருக்கட்டும். ஏவல் வைக்கிறவன் ஏன் கிடங்குச் சாவி வைத்திருக்கிற துரையாகவோ அவனுக்கு மொழிபெயர்த்துக் கணக்கு எழுதிய துபாஷியாகவோ இருக்கக்கூடாது?

இணைப்பில் அடுத்த தொடரை எங்கள் பக்கத்து எழுத்தாளர் யாரிடமாவது கேட்டு வாங்கிப் போடுங்கள். மீன்பிடிக் குடும்பத்திலும் மில் தொழிலாளி வீட்டிலும் பிறந்து எழுதுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்று காலம் என்றால் எட்டு வாரத்தில் முடிக்கச் சொல்லி நெருக்காமல் இருபது வாரமாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை.