ஏரிச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் ஏரியில் நடந்தவற்றையும் நாம் செய்தவற்றையும் இங்கே சொல்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. தீர்மானங்கள் எல்லாம் குறிப்பேட்டில் இருப்பதால் அவற்றைத் திரும்பப் படிக்கவில்லை. ஏப்ரலில் நாம் செய்த ஒரு வேலையையும் அதன் பிறகு நடந்ததையும் மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுத்தம் செய்தோம். நல்ல கூட்டம். பிளாஸ்டிக், பழைய துணி, மாலை நார் எல்லாம் மூட்டை மூட்டையாக வெளியே போயின. அதில் எந்தக் குறையும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். கிழக்கு ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நின்ற சம்பு, கோரை என்ற நீரோரச் செடிகளைப் ‘புதர்’ என்று சொல்லி மதகிலிருந்து, மிகைநீர் வழியும் கலங்கல் வரை ஒரே மூச்சில் அறுத்துத் தள்ளினோம். அறுத்ததை மேலே ஏற்ற ஆள் இல்லாததால் தண்ணீர் ஓரத்திலேயே குவித்துவிட்டு வந்தோம். அன்று எடுத்த படத்தில் ஏரி கண்ணாடி போலத்தான் இருந்தது. ‘அறுங்கள்’ என்று முதலில் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

மே மாதம் நடுவில் ஒரு நாள் விடியற்காலை மதகைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் போன் செய்தார். “மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது தம்பி, ஓடி வா” என்றார். நான் போனபோது மணி ஆறு இருக்கும். தண்ணீர் பாசிப் பச்சையாக, தொட்டால் ஒட்டுவது போல இருந்தது. கெண்டையும் ஜிலேபியும் வெள்ளை வயிறு தெரியக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. உயிரோடு இருந்தவை மேல் மட்டத்தில் வாயை வைத்துத் திணறிக்கொண்டிருந்தன. கரையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில், யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்றார்கள். பெயர்கூடச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பெரியவர்தான் மதகுப் படியில் உட்கார்ந்து, செத்த மீனை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்துக்கொண்டே, “இதுல விரால் ஒண்ணுகூட இல்லையே” என்றார். பார்த்தால் உண்மைதான். விராலும் இல்லை, தேளியும் இல்லை. மருந்து கலந்திருந்தால் இப்படி இரண்டு வகை மட்டும் மொத்தமாகத் தப்பித்திருக்காது. விராலுக்குச் செவுள் மட்டும் இல்லை, தலைக்குள் காற்றை மூச்சாக வாங்கிக்கொள்ளும் அறையும் உண்டு. தேளியும் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும். தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை மட்டுமே நம்பியிருந்த மீன்கள்தான் செத்திருந்தன. அதாவது, தண்ணீரில் மூச்சு தீர்ந்துபோயிருந்தது.

எப்படித் தீர்ந்தது என்பதையும் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாகப் பிராணவாயுவை வைத்துக்கொள்ளும் திறன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். பகலில் வெயில் இருக்கும்போது பாசி பிராணவாயுவை வெளியே விடும். இரவில் அந்தப் பாசியே மற்ற உயிர்களோடு சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் மூச்சு மிகக் குறைவாக இருக்கும். அதற்கு முந்தின நாள் முழுக்க வானம் மூடியிருந்தது. பாசி எக்கச்சக்கமாக இருந்தது. தண்ணீரோ முழங்காலுக்கு மேல் இல்லை.

சரி, பாசி ஏன் அவ்வளவு பெருகியது? ஏரிக்குள் வரும் சத்தை, முக்கியமாகப் பாஸ்பரசையும் தழைச்சத்தையும், ஓரத்தில் நிற்கும் சம்பும் கோரையும் தங்கள் உடம்பில் வாங்கிக்கொள்கின்றன. கனடாவில் 1973-இல் ஒரு சிறிய ஏரியை நடுவில் திரைகட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரசைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பாசி மூடிப் பச்சையாகிப் போனது. நாம் செய்ததும் ஏறக்குறைய அதுதான். சத்தை வாங்கி வைத்திருந்த செடியை அறுத்தோம். அறுத்ததைத் தண்ணீரிலேயே அழுக விட்டோம். செடி வாங்கி வைத்த சத்து முழுவதும் ஏரிக்கே திரும்பிப் போனது. அழுகுவதற்கும் பிராணவாயு செலவானது. மீன் சாவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வரத்துக்காலில் சாக்கடை கலப்பதும் தண்ணீர் வற்றியிருந்ததும் சேர்ந்துதான் அப்படி ஆனது. ஆனால் நம் கையும் அதில் இருந்தது. அதைச் சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன், எழுதியும் விட்டேன்.

செத்த மீன்களை அள்ளிப் புதைத்தோம். குவியல்களையும் இரண்டு நாளில் மேலே ஏற்றினோம். இந்த முறை ஆள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் ஒரு வட்டத் தட்டில் கறுப்பு வெள்ளை வண்ணம் பூசி, கயிறு கட்டித் தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று மாதம் ஒரு முறை பார்த்து எழுதுகிறார்கள். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் தொடங்கி வைத்த எளிய முறை இது. மே மாதம் தட்டு ஒரு சாணில் மறைந்தது. இந்தப் பிப்ரவரியில் கயிற்றை இடுப்பு ஆழத்துக்கு விட வேண்டியிருந்தது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏரி பெரும்பாலும் வறண்டு கிடந்தது. அந்த நாட்களில் நம்மிடம் வரும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “சும்மா கிடக்கிற இடந்தானே, விளையாட்டு மைதானமாவது ஆக்கலாமே?” அது சும்மா கிடக்கவில்லை. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க ஈரச் சேறு ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையில்தான் பவளக்கால் உள்ளானும் ஆள்காட்டியும் இரை தேடும். ஆள்காட்டி காய்ந்த தரையில் நான்கு முட்டை இட்டிருந்ததைக் கரையிலிருந்தே காட்டினேன். கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஓர் உறுப்பினர் மிதிக்கப் போய்விட்டார், கையைப் பிடித்து இழுத்தேன். வெடித்த மண்ணுக்குள் நத்தைகள் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு அடுத்த மழை வரை உறங்குகின்றன. நத்தைகுத்தி நாரைகள் நம் ஏரிக்கு வருவதே அந்த நத்தைகளை நம்பித்தான். வண்டல் எடுக்க வந்த விவசாயிகளிடம் இதை எடுத்துச் சொல்லி, தென்மேற்கு மூலையை மட்டும் தொடாமல் விடும்படி கேட்டோம். விட்டுக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இந்தக் கூட்டத்தின் வழியாக நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பாதித் தண்ணீரோடு கிடந்த ஏரி விடிவதற்குள் கலங்கல் தாண்டியது. அந்த இரண்டு நாளும் கரை மேலேயே இருந்த பத்துப் பன்னிரண்டு பேரை நான் மறக்க மாட்டேன். மணல் மூட்டை அடுக்க வேண்டி வந்தது ஓர் இடத்தில் மட்டும்தான். ஏப்ரலில் சம்பு அறுத்த இடத்தில், அலை நேராக மண்ணில் மோதி முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தது. சம்பு நின்ற வடக்கு ஓரத்தில் கரையில் ஒரு கீறல்கூட இல்லை. சம்பின் வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது, தண்டு அலையின் வேகத்தைக் குறைத்திருக்கிறது. பெரியவர்கள் கரையோரத்தில் நாணலையும் கோரையையும் விட்டு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். கலங்கலில் தண்ணீர் விழுந்தபோது மீன்கள் எதிர்த்து ஏறியதைப் பார்க்க ஊரே வந்தது. மே மாதம் வெறிச்சோடிப் போன ஏரிக்கு மீன் திரும்பி வருவதை நானும் நெடுநேரம் நின்று பார்த்தேன்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டோம். 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் பல நாடுகளில் ஒரே சமயம் நடக்கும் கணக்கெடுப்பு இது. எண்ணிக்கைகளைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு முதலில் சிரமமாக இருந்தது. நீலச்சிறகி வாத்துகள் ஒரே கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. ஒருத்தி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வரவும் கூட்டம் மொத்தமும் எழும்பிச் சுற்றி வேறு பக்கம் இறங்கிவிட்டது. அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதிய வைத்துக்கொண்டு, பத்துப் பத்தாக நகர்த்தி எண்ணச் சொல்லிக் கொடுத்தோம். இரண்டாம் முறை மூன்று பிள்ளைகள் தனித்தனியாக எண்ணியது ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. அந்த நீலச்சிறகிகள் வட ஆசியாவிலிருந்து மலைகளைத் தாண்டி வருபவை என்று சொன்னபோது அவள் அழுகை போன இடம் தெரியவில்லை.

கணக்கெடுப்பில் எனக்கு உறுத்தியது நீலத் தாழைக்கோழி. வழக்கமாகக் கிழக்கு ஓரத்தில் சம்புத் தண்டைக் காலால் பிடித்துக் கடித்துக்கொண்டு நிற்கும். இந்த முறை அங்கே ஒன்றுகூட இல்லை. வடக்கு ஓரத்தில் மட்டும்தான் பார்த்தோம். அறுத்த சம்பு இப்போது மார்பளவு வளர்ந்திருக்கிறது. அடுத்த ஜனவரிக்குள் திரும்பி வரும் என்று நம்புகிறேன்.

பிப்ரவரியில் நல்ல செய்தி ஒன்று. வடக்கு ஓரக் கோரைக்குள் முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டியிருந்தது. தாய் தண்ணீரில் இறங்குவதற்கு முன் அழுகிய இலையை அலகால் இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். பார்த்தால் வெறும் குப்பை போலத் தெரியும். உள்ளே முட்டை இருப்பது தெரியாத யாரும் அதைக் கூடு என்று சொல்ல மாட்டார்கள். போன ஆண்டு நாம் அள்ளிப் போட்ட ‘குப்பை’யில் இப்படி எத்தனை இருந்தனவோ. மார்ச்சில் மூன்று குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறி உட்கார்ந்து ஏரியைச் சுற்றி வந்தன. வரிவரியான தலை மட்டும் இறகுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

ஆகாயத்தாமரையை இந்த ஆண்டும் கையால்தான் எடுத்தோம். அமேசான் பக்கத்திலிருந்து வந்த செடி, இரண்டு வாரத்தில் இரு மடங்கு ஆகிவிடும். பூப்பதற்கு முன் எடுத்தால்தான் பயன்; விதை விழுந்துவிட்டால் சேற்றில் பல ஆண்டுகள் காத்திருந்து முளைக்கும். இதில் சம்புக்குக் காட்டிய தயவைக் காட்ட வேண்டாம். சம்பையும் அப்படியே விட்டுவிட முடியாது, விட்டால் ஏரியையே மூடிவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒரு பகுதி மட்டும், குஞ்சு வளர்ப்பு முடிந்த பிறகு, திட்டுத் திட்டாக அறுத்து, அன்றே கரைக்கு மேல் ஏற்ற வேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு.

ஓர் அலுவலகத்திலிருந்து கரையைச் சுற்றி நடைபாதை, கம்பி வேலி, இரவு விளக்கு என்று ஒரு திட்டம் வந்தது. கரை மேல் மண் பாதை இருந்தால் போதும், தண்ணீர் ஓரத்தில் கல் பதிக்க வேண்டாம், நாட்டுக் கருவேல மரங்களில் வக்கா என்னும் பறவைகள் அடையும் பக்கம் விளக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. சட்டத்தைப் பற்றியும் உறுப்பினர்கள் கேட்டார்கள். 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் பாசனத்துக்கென்று அமைத்த ஏரிகளைத் தம் வரம்புக்குள் சேர்க்கவில்லை. அதனால் நம்மைப் போன்ற சிறிய ஏரிக்குப் பாதுகாப்பு பெரும்பாலும் ஊராரின் கையில்தான் இருக்கிறது. வேடந்தாங்கல் ஊரார் பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-இல் கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்லது என்று அவர்களே கண்டுகொண்டதுதான் அதற்குக் காரணம். அந்த ஏரி 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அவர்கள் கேட்டது இருநூறு ஆண்டுக்கும் முன்னால்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர் இருவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டுக்கு மூன்று வேலைகள். வரத்துக்காலில் சாக்கடை கலக்கும் இடத்தை மழைக்கு முன் அடைக்கச் செய்ய வேண்டும். கிழக்கு ஓரத்தில் அரித்த இடத்தைக் கல் வைக்காமல் மண்ணும் கோரையும் கொண்டு மூட வேண்டும். அப்புறம், மே மாதம் முழுக்க விடியற்காலையில் ஏரியைப் பார்த்து வர இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ள வேண்டும். மே 1 முதல் 15 வரை நான் எழுதிக்கொண்டுவிட்டேன். மீதி நாட்களுக்குப் பெயர் கொடுக்கும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.

செயலாளர்